மாஸ்டரின் மகனும் எட்டாம் இலக்கக் காரும்

நான் கல்லூரியில் படித்த காலம் முழுவதும் எனக்குச் சொந்தப் பெயர் இருக்கவில்லை. "மாஸ்டரின்ர மகன்" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அங்கே உயர்தர வகுப்புக்குத் தூய கணிதம் படிப்பித்தவர். கரும்பலகைக்கு முன்னால் ஒரு கணக்கில் நான் தடுமாறினால், பின் வாங்கிலிலிருந்து "மாஸ்டரின்ர மகனுக்குமோ?" என்று குரல் வரும். வேர்வையில் வெண்கட்டி விரலோடு ஒட்டும்.

அமெரிக்காவுக்கு வந்து சார்லட் நகரில் குடியேறிய பிறகுதான், இதே சுமையை ஊரே பார்த்திருக்கச் சுமந்த ஒருவரை அறிந்தேன். கார் பந்தய வீரர் டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர், பக்கத்து ஊரான கனாபொலிஸில் 1974இல் பிறந்தவர். துவாய் நெய்த ஆலைகளால் வளர்ந்த ஊர் அது. பாட்டனார் ரால்ஃப் ஆலை வேலையை விட்டு மண் தடங்களில் கார் ஓட்டி, 1956இல் ஸ்போர்ட்ஸ்மன் பிரிவுச் சம்பியன் ஆனவர். தகப்பன் டேல் சீனியரோ ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நாஸ்கார் எனப்படும், சாதாரணக் கார் வடிவிலான கார்கள் ஓடும் அமெரிக்க ஸ்டொக் கார் பந்தயத்தில் 7 தடவை சம்பியன், 76 வெற்றிகள். இந்த இருவருக்கும் பிறகு ஒரு பெடியன் ஸ்டியரிங்கைப் பிடிப்பதென்றால் யோசித்துப் பாருங்கள்.

2001 பெப்ரவரி 18, நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேட்டோனா 500. கடைசிச் சுற்று. முதலாவதாக மைக்கேல் வால்ட்ரிப், இரண்டாவதாக ஜூனியர். இரண்டுமே தகப்பனுடைய குழுவின் கார்கள். மூன்றாவதாக வந்த தகப்பன், பின்னால் வந்தவர்களை மறித்து ஓடினார். கடைசி வளைவில் அவருடைய கறுப்புக் கார் சுவரில் மோதியது. மகன் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது பின்னால் தகப்பன் இல்லை. அந்த மோதலில் இறந்துபோனார்.

அதே தடத்துக்கு ஜூலையில் திரும்பிப் போனார் ஜூனியர். அந்த இரவை நான் மறக்கமாட்டேன். 160 சுற்றில் 116 சுற்று அவரே முன்னுக்கு. ஆனால் முடிய ஆறு சுற்றிருக்கையில் பின்தள்ளப்பட்டு நின்றார். நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். ஒவ்வொரு காராகக் கடந்து முதலாவதாக வந்தார். இரண்டாவது வால்ட்ரிப். நடுப் புல்வெளியில் இருவரும் கட்டிப்பிடித்து நின்றதைப் பார்த்து என் கண் நிறைந்தது.

2004 பெப்ரவரி 15இல் டேட்டோனா 500ஐயும் வென்றார். தகப்பன் இருபதாவது முயற்சியில் அதை வென்றதும் ஒரு பெப்ரவரி 15தான், 1998இல். மொத்தம் 26 வெற்றி. வருடாந்தச் சம்பியன் பட்டம் மட்டும் கிடைக்கவேயில்லை. அதைக் குறையாகச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. 2016இல் தலையில் பட்ட அதிர்ச்சியால் பாதிப் பருவத்தை விட்டு ஒதுங்கி நின்றாரே, வலியை மறைத்து ஓடுவதே வீரம் என்று வளர்ந்த ஒரு தொழிலில் அதற்கும் துணிவு வேண்டும்.

2004 கோடையில் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். கனாபொலிஸுக்குக் கூட்டிப்போனேன். டேல் சீனியரின் வெண்கலச் சிலை, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அப்பா ஒரு சுற்றுச் சுற்றிவந்து அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, மகனும் இவற்ற நம்பரிலதான் ஓடுறாரோ?"

"இல்லையப்பா. இவருக்கு மூண்டு. மகனுக்கு எட்டு. அது பாட்டன்ர நம்பர்."

"அப்ப சரி" என்றார். பிறகு என் தோளில் கையை வைத்துக்கொண்டே கார் வரைக்கும் நடந்துவந்தார்.