சைனீஸ் கிரெஸ்டட்: ஹேர்லெஸ்ஸா, பவுடர்பஃப்பா?

சைனீஸ் கிரெஸ்டட் நாய் வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் படத்தில் பார்த்தது ஹேர்லெஸ் வகையைத்தான்: தலையில் குடுமி, வால் நுனியில் குஞ்சம், பாதத்தில் சாக்ஸ் போட்டதுபோல முடி, மற்ற இடமெல்லாம் வெறும் தோல். முடி கொட்டாது, வேலை மிச்சம் என்று நினைக்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. சீப்பில் மிச்சமாகிற நேரம் தோலில் செலவாகும். உடம்பு முழுக்க நீளமான, மென்மையான முடியுள்ள பவுடர்பஃப் வேறு இனமல்ல. ஒரே ஈற்றில் இரண்டும் பிறக்கும். ஐந்தரை கிலோவுக்குள் நிற்கும் எடையும், ஆளை விட்டு நகராத சுபாவமும் இரண்டுக்கும் பொது.

முடியில்லாமல் போவதற்குக் காரணம் ஃபாக்ஸ்-ஐ-3 என்ற மரபணுவில் உள்ள மாற்றம். 2008இல் கண்டறிந்தார்கள். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ மாறிய பிரதி ஒன்று வந்தாலே முடி போய்விடும். இரண்டு வந்த கரு பிறக்காமலே அழிந்துவிடும். ஆகவே உயிரோடு இருக்கும் ஒவ்வொரு ஹேர்லெஸ் நாயிடமும் மாறாத பிரதி ஒன்று இருக்கிறது. இரண்டு ஹேர்லெஸ் நாய்களைச் சேர்த்தாலும் பிறக்கிற குட்டிகளில் சராசரியாக மூன்றில் ஒன்று பவுடர்பஃப். ஹேர்லெஸ்ஸோடு பவுடர்பஃப்பைச் சேர்த்தால் பாதிக்குப் பாதி, கருவும் இப்படி வீணாகாது. ‘எங்களிடம் தலைமுறை தலைமுறையாக ஹேர்லெஸ் மட்டும்தான் பிறக்கும்’ என்று யாராவது சொன்னால் அங்கே வாங்காதீர்கள்.

இதே மரபணு பல்லையும் தொடுகிறது. ஹேர்லெஸ் நாய்க்கு முன்கடைவாய்ப் பற்கள் பல முளைக்காது, கோரைப்பல் முன்பக்கம் சாய்ந்து நிற்கும், இருக்கும் பல்லும் சீக்கிரம் ஆடிவிடலாம். குட்டியிலிருந்தே நாய்களுக்கான பேஸ்ட்டால் தேய்த்துப் பழக்க வேண்டும். பவுடர்பஃப்புக்கு முழு வரிசைப் பற்கள் உண்டு. சில ஹேர்லெஸ் குட்டிகளுக்கு முதுகிலும் தோளிலும் கணிசமாக முடி வளரும். அதை மழித்துப் படம் எடுப்பார்கள். முழுக்க மழித்த பவுடர்பஃப்பையும் ஹேர்லெஸ் என்று காட்ட முடியும். சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து பாருங்கள்.

ஹேர்லெஸ் தோலுக்கு வாரம் ஒரு குளியல் போதும், மென்மையான நாய் ஷாம்பு. முதுகில் கரும்புள்ளி வரும், வயசுக்கு வருகிற பருவத்தில் அதிகம். அதைக் கிள்ளிப் பிதுக்கினால் சீழ் வைக்கும். நம் வீடுகளில் தோல் காய்ந்தால் உடனே தேங்காய் எண்ணெயைத் தேடுவோம்; இங்கே அது கூடாது, துவாரம் அடைத்துப் பரு கூடும். எண்ணெய்ப் பிசுக்கில்லாத மாய்ஸ்சரைசரை மெல்லியதாகத் தடவினால் போதும். கம்பளி சில நாய்களுக்கு அரிப்பைத் தரும், பருத்திச் சட்டையே நல்லது. வெயிலில் முதலில் வேகிறது இளஞ்சிவப்புத் திட்டுகள்தான். சன்ஸ்க்ரீன் போடுவதானால் ஜிங்க் ஆக்சைடு இல்லாததாகப் பாருங்கள், நக்கினால் அது நஞ்சு. தொட்டால் சுடுகிறதே என்று காய்ச்சல் மருந்து தேட வேண்டாம். நடுவில் முடி இல்லாததால்தான் அப்படி.

பவுடர்பஃப்பின் எதிரி சிக்கு. காதுக்குப் பின்னால், அக்குளில், தொடையின் உள்பக்கம், காலர் உரசும் இடத்தில் சடை கட்டும். லேசாகத் தண்ணீர் தெளித்து, முடியை அடுக்கடுக்காகப் பிரித்து, தோலிலிருந்து நுனிவரை ஊசி ஊசியாகப் பல் உள்ள ‘பின்’ பிரஷ்ஷால் வார வேண்டும். பிறகு ஸ்டீல் சீப்பு அதே வழியில் தடையில்லாமல் ஓட வேண்டும். மேலாக மட்டும் வாரினால் அடியில் சடை கம்பளமாகிவிடும். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் முடிச்சு இன்னும் இறுகும். ஒருநாள் விட்டு ஒருநாள் இதைச் செய்ய முடியாதவர்கள் முடியைக் கட்டையாக வெட்டிவிடலாம், நாய்க்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டில் அலர்ஜிக்காரர் இருந்தால், முடி இல்லை என்பதை நம்பி ஹேர்லெஸ் எடுக்காதீர்கள். அலர்ஜி எச்சிலிலிருந்தும் தோல் செதிலிலிருந்தும் வருகிறது. இரண்டு வகையிலும் அவை உண்டு. வாங்கும் முன் அவர் அந்த நாயோடு சில மணி நேரம் இருந்து பார்க்கட்டும்.

முதல்முறை வளர்ப்பவர், பகல் முழுக்க வெயில் விழும் மொட்டைமாடி வீடு என்றால் என் பரிந்துரை கட்டையாக முடி வெட்டிய பவுடர்பஃப்தான். எந்த வகையானாலும் நகத்தைப் பத்து நாளுக்கொருமுறை நுனி மட்டும் வெட்டுங்கள்; இந்த இனத்தில் நகத்துக்குள் ரத்தக்குழாய் வெகுதூரம் ஓடும். விழித்திரைச் சிதைவு, கண் லென்ஸ் நழுவுதல் இரண்டுக்கும் டிஎன்ஏ சோதனை உண்டு. தாய், தந்தை இரண்டின் ரிசல்ட்டையும் பார்த்துவிட்டு, குட்டியின் பின்கால் முழங்கால் சிப்பி விலகுகிறதா என்று மருத்துவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.