மாமாவின் ஒரே மருந்து

அக்காவின் மடிக்கணினி மூடியைச் சாத்தினால் ஒழுங்காக உறங்கிவிடுகிறது. திறந்தால் மட்டும் எழ மறுத்து, நீலத்திரையைக் காட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. செய்தி என் காதுக்கு எட்டுவதற்குள் வீட்டின் மருத்துவக் குழு கூடிக் கலைந்திருந்தது. சூடுதான் காரணம் என்பது அப்பாவின் முடிவு. எவரோ அனுப்பிய காலை வணக்கப் படத்தின் வழியே வைரஸ் புகுந்துவிட்டது என்பது சித்தியின் முடிவு. மாமாவிடம் எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான். "அணைத்துவிட்டுப் போடு, சரியாகிவிடும்" என்றார். மின்தூக்கி நின்றாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

நோய் இன்னதென்று அந்தத் திரையிலேயே எழுதியிருந்தது. "டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெய்லியர்" என்று அது ஒவ்வொரு முறையும் அறிவித்துக்கொண்டிருக்க, அக்கா அதன் மேலிருந்த சோக முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டதோடு நிறுத்திக்கொண்டாள். உறங்கும்போதும் விழிக்கும்போதும் விண்டோஸ் ஒவ்வொரு சாதனத்தின் டிரைவரிடமும், அதாவது அந்தச் சாதனத்தை இயக்கும் நிரலிடமும், மின்நிலையை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று பதிலே சொல்லாமல் கிடந்தால், இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே ஓடும் நிரலாகிய அதைத் தனியாகப் பிடித்து வெளியே தள்ள வழியில்லாததால், தரவு கெட்டுவிடக் கூடாதே என்று மொத்த இயந்திரத்தையும் நிறுத்திவிடுகிறது. ஒருவன் படுக்கையை விட்டு எழவில்லை என்பதற்காக வீட்டையே காலி செய்வது போன்ற நடவடிக்கைதான். ஆனாலும் அதன் நியாயம் எனக்குப் புரிகிறது.

குற்றவாளி யார் என்பதை கணினி நின்றுபோன கணத்தின் நிலையைக் குறித்துவைத்து விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் மினிடம்ப் கோப்பு சொல்லிவிட்டது. அத்தகைய கோப்புகளைப் படிக்கும் வின்டிபக் என்னும் கருவியைக் கொண்டு திறந்து பார்த்தபோது வைஃபை டிரைவரின் பெயர் வந்தது. சாதனங்களையும் அவற்றின் டிரைவர்களையும் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அதன் தேதி 2019 என்று இருந்தது. புதுப்பிக்கச் சொன்னேன். "இந்தச் சாதனத்துக்கு மிகச் சிறந்த டிரைவர் ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது" என்று கூசாமல் பதில் வந்தது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதியவரை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அந்தத் தேடல் கணினிக்குள் ஏற்கெனவே இருப்பவற்றை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அப்படித் தீர்ப்புச் சொல்கிறது. விண்டோஸ் அப்டேட்டின் விருப்பப் புதுப்பிப்புகள் பகுதியிலும் ஒன்றுமில்லை. கடைசியில், மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் படித்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நான்தான் புதிய டிரைவரை இறக்க வேண்டியிருந்தது.

இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வன்தட்டு டிரைவரின் தேதியைப் படித்துவிட்டார்: 21-06-2006. அவ்வளவுதான். புதியது என்று சொல்லிப் பழைய கணினியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும், விற்றவனைச் சும்மா விடப்போவதில்லை என்றும் கூடத்துக்குக் கேட்கும்படி அறிவித்தார். மைக்ரோசாஃப்ட் தன்னுடைய டிரைவர்களுக்கு வேண்டுமென்றேதான் அந்தப் பழைய தேதியை இடுகிறது என்றும், தயாரிப்பாளர் தரும் டிரைவர் எப்போதும் அதைவிடப் புதியதாகத் தெரிந்து முன்னுரிமை பெற வேண்டும் என்பதே நோக்கம் என்றும் நான் விளக்கினேன். "அப்படியானால் பொய்த் தேதி போடுகிறார்கள் என்கிறாய்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதிய டிரைவர் நிறுவப்பட்டதும் கணினியை மறுதொடக்கம் செய்யச் சொல்லி ஒரு பெட்டி வந்தது. செய்தேன். மூடியைச் சாத்தி, பொறுத்திருந்து திறந்தேன், எழுந்துவிட்டது. மறுபடியும் சாத்தித் திறந்தபோதும் எழுந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து உள்ளே வந்த மாமா, "என்ன செய்தாய்?" என்று கேட்க, நான் வாய் திறப்பதற்குள் அக்கா, "ரீஸ்டார்ட் செய்தான், சரியாகிவிட்டது" என்றாள்.

"நான் முதல் நாளே சொன்னேனே!"

அணைத்துவிட்டுப் போடுவதும் மறுதொடக்கமும் ஒன்றல்ல என்று தொடங்கினேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் விரைவுத் தொடக்க வசதி இயங்கும் கணினியை அணைத்தால், கருவின் நிலையை அப்படியே வட்டில் எழுதி வைத்து அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டுகிறது என்பதையும், மறுதொடக்கத்தில்தான் டிரைவர்கள் அனைத்தும் புதிதாக ஏற்றப்படுகின்றன என்பதையும், ஆகவே அவருடைய மருந்தை எத்தனை வேளை கொடுத்திருந்தாலும் இந்த நோய் தீர்ந்திருக்காது என்பதையும் கோவையாகவே எடுத்துரைத்தேன். அதற்குள் அவர் அப்பாவிடமும் சித்தியிடமும் தன் வெற்றியைச் சொல்லப் போய்விட்டார்.

அக்காவும் மாமாவும் ஒரே நாளில், ஒரே மாடலைத்தான் வாங்கினார்கள். மாமா தன் மடிக்கணினியை எப்போதும் மேசைமேல் திறந்தே வைத்திருப்பவர். இப்போது வெளியூர்ப் பயணங்களுக்கும் எடுத்துப் போகலாம் என்றிருக்கிறாராம். அதிலும் அதே வைஃபை டிரைவர்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அணைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கட்டும்.