ஒரே மாவட்டம், வெவ்வேறு மதிப்பெண்

அமெரிக்காவில் வீடு தேடும் நண்பர்கள், ஒரு சிறிய பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்பு) மூன்று நான்கு அரசுத் தொடக்கப் பள்ளிகளை, இணையத்தில் பத்துக்கு எத்தனை என்று, பெரும்பாலும் தேர்வு முடிவுகளைக் கொண்டு தரப்படும் ஒற்றை மதிப்பெண்ணை வைத்தே எடைபோடுவதைக் காண்கிறேன். 2015-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி, வாசிப்பிலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் நடக்கும் மாநிலத் தேர்வுகள் மூன்றாம் வகுப்பிலிருந்துதான் கட்டாயம் என்பதால், அதற்குக் கீழுள்ள வகுப்புகளைப் பற்றி அந்த எண் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. மேலும், ஒரு வகுப்பில் 50 பிள்ளைகளே தேர்வெழுதும் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளையின் முடிவு மாறினாலும் அந்த வகுப்பின் தேர்ச்சி விகிதம் 2 சதவீதப் புள்ளி நகர்ந்துவிடும். இரண்டு மூன்று குடும்பங்கள் இடம்பெயர்ந்தால் போதும், பள்ளியே சரிந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பும்.

பாடத்திட்டமும் ஆசிரியர் ஊதிய அட்டவணையும் பொதுவாக மாவட்டம் முழுவதற்கும் ஒன்றே. ஆங்கிலம் கற்போருக்கான ஆசிரியர் எந்தப் பள்ளியில் முழுநேரம் இருக்கிறார், சிறப்புக் கல்வி வகுப்புகள் எங்கே நடக்கின்றன, தலைமையாசிரியர் அடிக்கடி மாறுகிறாரா என்பவையே நான் முதலில் கேட்கும் கேள்விகள். பள்ளிவாரியாக ஒரு மாணவருக்கு ஆகும் செலவையும் அதே சட்டம் வெளியிடச் சொல்கிறது (வீடு விற்கும் முகவர்கள் அதை எடுத்துக்காட்டி நான் பார்த்ததில்லை). மாணவர் எண்ணிக்கை குறையும்போது, எந்த முகவரி எந்தப் பள்ளிக்கு என்று வகுக்கும் எல்லைகள் மாற்றி வரையப்படுவதும் உண்டு என்பதால், கையெழுத்திடும் முன் அந்த முகவரி எந்தப் பள்ளிக்குரியது என்பதை மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.