சிங்கப்பூர் ஈரக்காற்றுக்கு ஒரு ஷாட்கன் மைக்

ஷாட்கன் மைக் (பக்கவாட்டில் பிளவுகள் உள்ள நீளமான குழாய் வடிவ மைக்; நேர் எதிரே வரும் ஒலியையே அதிகம் பிடிக்கும்) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு தூரம் பிடிக்கும்?" என்றுதான். சிங்கப்பூரில் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது ஈரம்.

இங்கே காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24, 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். குளிரூட்டிய அறையிலோ வேனிலோ 22 டிகிரியில் கிடந்த மைக்கை நேராக வெளியே எடுத்தால், அதன் உலோகத்தின் மேலும் ஒலியை உணரும் பாகமான கேப்ஸ்யூலின் மேலும் நீர் படியும். வழக்கமான கண்டென்சர் மைக்கில் கேப்ஸ்யூல் சுற்றின் மின்தடை மிக மிக அதிகம். ஈரம் படிந்ததும் அங்கே மின்னேற்றம் கசிய ஆரம்பிக்கும். ஹெட்ஃபோனில் கடுகு வெடிப்பது போல் கேட்கும். வசனத்தின் நடுவில் வந்தால் எடிட்டிங்கில் காப்பாற்றுவது கஷ்டம்.

அதனால்தான் வாங்குவதற்கு நாங்கள் போட்ட பட்டியல் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) முறை மைக்குகளோடு தொடங்கியது. சென்ஹைசரின் எம்கேஎச் வரிசை, ரோடின் என்டிஜி3, என்டிஜி5 ஆகியவை இந்த வகை. கேப்ஸ்யூல் உயர் அதிர்வெண் சுற்றில் குறைந்த மின்மறுப்போடு வேலை செய்வதால் கசிவு பெரிய பாதிப்பைத் தராது. ஆனால் ஆர்எஃப் மைக் என்றால் மழையில் நனைக்கலாம் என்று அர்த்தமில்லை. ஷோப்ஸ் நிறுவனத்தின் சிஎம்ஐடி 5யு என்ற ஷாட்கன் ஆர்எஃப் வகை அல்ல. அதன் ஒலிக்காக அதையே விரும்புகிறவர்கள் உண்டு. மைக்கைத் தவறாமல் உலர்பெட்டியில் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி) வைக்கும் ஒழுக்கம் இருப்பவர்களுக்கு அது சரி. காலையில் தேக்கா, மதியம் ஸ்டூடியோ, மாலையில் மெக்ரிச்சி என்று ஓடுகிற சின்னக் குழுவுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது குழாயின் நீளம். எம்கேஎச் வரிசையின் 416 மைக்கின் மொத்த நீளம் 25 செ.மீ. அந்த அலைநீளம் சுமார் 1,400 ஹெர்ட்ஸுக்கு உரியது. பக்கவாட்டுப் பிளவுகள் வழியே நுழையும் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களில்தான் நன்றாக நடக்கும். அதற்குக் கீழே அது கிட்டத்தட்ட ஒரு சூப்பர்கார்டியாய்டு மைக்தான் (முன்பக்க ஒலியை அதிகமும் பக்கவாட்டு ஒலியைக் குறைவாகவும் பிடிக்கும் குழாயில்லாத வகை). விரைவுச்சாலையின் உறுமலையும் பேருந்து எஞ்சினையும் எந்த ஷாட்கன்னும் வெட்டித் தள்ளாது. தாழ்ந்த ஒலிகளை வெட்டும் 80 ஹெர்ட்ஸ் லோகட் கொஞ்சம் உதவும். மற்றபடி மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோவதுதான் வழி. பேசுபவரின் தலைக்கு மேலே 50, 60 செ.மீ. உயரத்தில் பூமை (மைக் பொருத்திய நீண்ட கழியை) பிடித்து, முனையை நெஞ்சுப் பக்கம் சாய்த்தால் மைக் நோக்கும் திசையில் சாலை வராது, தரைதான் வரும். குயில் கூவினால் ஒன்றும் செய்ய முடியாது. பேச்சின் அதிர்வெண்ணிலேயே அதுவும் இருக்கிறது, காத்திருங்கள்.

அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் எடுப்பதாக இருந்தால் ஷாட்கன்னைப் பெட்டியிலேயே வையுங்கள். கான்கிரீட் கூரையிலும் தூண்களிலும் பட்டுத் திரும்பும் ஒலி பக்கவாட்டில் நுழைந்து, குரலைக் குழாய்க்குள் பேசுவது போல் ஆக்கிவிடும். அங்கே எம்கேஎச் 50 போன்ற குட்டையான சூப்பர்கார்டியாய்டு நன்றாக இருக்கும்.

சுய இரைச்சல் எண்ணை (மைக் தானாகவே உண்டாக்கும் இரைச்சலின் அளவை) பற்றி இணையத்தில் நடக்கும் சண்டை இங்கே அவ்வளவு முக்கியமில்லை. 416க்கு 13 டெசிபெல், என்டிஜி5க்கு 10. சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் விடிகாலையிலும் சில்வண்டு அதைவிடப் பலமடங்கு சத்தம் போடும். பார்க்க வேண்டியது ரெக்கார்டர். 416இன் உணர்திறன் பாஸ்கலுக்கு 25 மில்லிவோல்ட். அதன் சொந்த இரைச்சல் கேபிளில் சுமார் -111 டிபியு (மின்னழுத்தத்தின் டெசிபெல் அளவு; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு அமைதி). ஸூம் எஃப்3 போல -127 டிபியு உள்ளீட்டு இரைச்சல் மட்டுமே உள்ள ரெக்கார்டர் அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காது. சில மலிவான கேமராக்களின் மைக் உள்ளீட்டு இரைச்சல் அந்த -111ஐவிட மோசமாக இருக்கும். அப்போது எவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கினாலும் ஹிஸ் கேட்கும்.

வாங்கும் முன் இரண்டு மைக்குகளை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, ஒரே ரெக்கார்டரில் அருகருகே பொருத்துங்கள். ஒரே அளவு ஒலிக்கு கெயினை (ரெக்கார்டரின் பெருக்க அளவை) சமன் செய்துவிட்டு, ஒருவர் 1 மீட்டர் தூரத்தில் பேசிக்கொண்டே நேர் எதிரில், 45, 90, 180 டிகிரி என்று சுற்றி நடக்கட்டும். 90இல் குரல் தகரமாகிறதா, சீராகக் குறைகிறதா என்று கவனியுங்கள். தேர்வு அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். பிறகு கேபிளின் அருகே கைப்பேசியில் ஓர் அழைப்பு, அதன் குறுக்கீடு கேட்கிறதா என்று பார்க்க. கடைசியாக ஈரச் சோதனை: அரை மணி நேரம் குளிரறையில், உடனே வெளியே தாழ்வாரத்தில் 10 நிமிடம், கெயின் அதிகம், யாரும் பேசக்கூடாது; அந்தக் கடுகு வெடிப்பு கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

காற்றுக்கவசத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். மைக்கோடு வரும் ஃபோம் உள்ளரங்குக்குத்தான். கிழக்குக் கடற்கரையில் பிளிம்பும் (மைக்கைச் சுற்றி மூடும் கூண்டு) மேலே ஃபரும் (ரோம உறை) வேண்டும். மழையில் நனைந்த ஃபர் உயர் அதிர்வெண்களை விழுங்கிவிடும். உதறி, சீவி, காயவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

மைக் உலர்பெட்டியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கட்டும். படப்பிடிப்புக்குப் போனதும் மூடிய பையிலேயே 20, 30 நிமிடம் விட்டு, வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறந்தால் நீர் படியாது.

பழையது வாங்குபவர்களுக்கு: 416க்குப் போலிகள் ஏராளம். எடை 165 கிராம் அருகே இருக்கிறதா என்று பாருங்கள்; வரிசை எண்ணை விநியோகஸ்தரிடம் கேளுங்கள்; முடிந்தால் வாடகை 416 ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதே ஈரச் சோதனையைச் செய்யுங்கள். உள்ளே ஆர்எஃப் அல்லாத சாதாரண எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல் இருந்தால் அந்தக் கடுகு வெடிப்பே காட்டிக்கொடுக்கலாம்.