பெரியப்பாவின் ஒரே சொல்

பக்கவாதத்துக்குப் பிறகு பெரியப்பாவிடம் மிஞ்சிய சொல் ஒன்றுதான்: "அதான்." காபி வேண்டுமென்றாலும் அதான், மின்விசிறியை நிறுத்த வேண்டுமென்றாலும் அதான். நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறது. கிண்டல் செய்தால் முறைக்கிறார். மூளையின் இடது முன்மடலில், பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதி அடிபட்டிருக்கிறது என்றார் மருத்துவர்.

1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளி "டான்" என்று மட்டுமே சொல்வாராம். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோதுதான் அந்த இடத்துச் சிதைவு தெரிந்தது. டான், அதான்! படித்ததும் எனக்குத் திடுக்கென்றது.

வெள்ளிக்கிழமை பெரியம்மா விளக்கேற்றி முருகன் பாட்டைத் தொடங்கினார். இரண்டாம் அடியிலிருந்து பெரியப்பாவும் சேர்ந்துகொண்டார், ஒரு சொல் பிசகாமல். பாட்டுக்கு வலது பக்க மூளையும் கைகொடுக்குமாம். பெரியம்மா அழுதுகொண்டே பாடி முடித்தார்.

"காபி போடட்டுமா?"

"அதான்."