வெளிநாட்டில் தன்னார்வப் பணி: என் முதல் சில வாரங்கள்

வெளிநாட்டுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் புறப்படும் வரைக்கும்தான் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். போய் இறங்கிய பிறகு வரும் முதல் சில வாரங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த வாரங்கள்தான் பெரிய பாடமாக இருந்தன. வேறொரு கண்டத்தில், சிறிய ஊர் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில், தடுப்பூசிப் பிரிவுக்கு உதவியாகப் போயிருந்தேன். அடுத்து போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வாங்காத வேலைதானே, சுற்றுலா விசாவே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல நாடுகளில் சம்பளமில்லாத பணியும் வேலைக் கணக்கில்தான் வரும். பிரிட்டனில் இதற்கென்றே சாரிட்டி வொர்க்கர் விசா இருக்கிறது, அதிகபட்சம் 12 மாதம் தருவார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட முடியாது. 2016 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லுபடியாகும் என்பதால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மலேரியா உள்ள பகுதிக்குப் போனால் டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை அங்கே இருக்கும்வரை மட்டும் சாப்பிட்டால் போதாது. டாக்சிசைக்ளின் என்றால் அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். நடுவில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி வேலைக்கு வருகிறேன். உதவி செய்யத்தானே வந்திருக்கிறோம் என்று கை குறுகுறுக்கும். ஆனால் அங்கே எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். நம்மை உட்கார வைத்துப் பாடம் எடுக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. அந்த வெறுமையைத் தாங்க முடியாமல்தான் பலர் புதுப் பட்டியல் போடுகிறேன், புதுப் படிவம் அடிக்கிறேன் என்று இறங்கிவிடுகிறார்கள். நான் அங்கிருந்த மூத்த நர்ஸிடம் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு அலுப்பான வேலை எது? அதை எனக்குக் கொடுங்கள்." ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டைக் கையில் கொடுத்தார்.

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடு ஏறினால்தான் ஆபத்து என்று நாம் நினைப்போம். அலுமினியம் உப்பு சேர்ந்த தடுப்பூசிகள் உறைந்துபோனாலும் கெட்டுவிடும். அதற்காகத்தான் அந்த ஊசிக் குப்பிகளை ஃபிரிட்ஜில் உறையும் பக்கத்தை ஒட்டி வைக்கவே மாட்டார் அவர். ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். லேபிளில் ஒரு வட்டம், அதன் நடுவில் வெளிர் நிறச் சதுரம். சூடு பட்டுப்பட்டுச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் அந்தக் குப்பியைப் போடக்கூடாது. காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் சரி.

தடுப்பூசி நாளன்று தாய்மார்கள் குழந்தைகளோடு வெகுநேரம் காத்திருப்பதைப் பார்த்து, வாரத்தில் இன்னொரு நாளும் வைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். அவர் தட்டம்மைத் தடுப்பூசிக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். 10 பேருக்கான மருந்து அதில் பொடியாக இருக்கும். கரைசல் கலந்த பிறகு 6 மணி நேரம்தான், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறந்துவிடுவார், திருப்பி அனுப்பமாட்டார். ஆனால் நாளைக் கூட்டினால் கொட்டுவதும் கூடும், மாதக் கடைசியில் கையிருப்பு பற்றாது. சுற்றுவட்டாரம் முழுக்க அந்த ஒரு நாளை மனதில் வைத்திருந்தது. அவர் பல வருடமாகக் கூட்டிக் கழித்து வைத்த கணக்கு அது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கூட்டமாகத்தான் தெரியும். கேட்டால் சொல்வார்கள், கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும், பதில் வரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும்.

தனிமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலை நேரத்தில் தெரியாது. அறைக்குத் திரும்பிய பிறகு, சத்தமெல்லாம் அடங்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1955-இல் நார்வேயைச் சேர்ந்த லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், வெளிநாடு போகிறவர்களின் மனம் முதலில் உற்சாகமாகவும், நடுவில் சோர்ந்தும், பிறகு தேறியும் போகும் என்று எழுதினார். இந்த ஏற்ற இறக்கத்தை U எழுத்து போன்ற வளைவாக இன்றும் பயிற்சி வகுப்புகளில் வரைந்து காட்டுகிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் பலருக்கு ஆரம்பமே கடினமாக இருப்பது தெரியவந்தது. எனக்கும் அப்படித்தான். அதனால் முதல் நாளிலிருந்தே அழுகை வந்தால் உங்களிடம் ஏதோ குறை என்று எண்ண வேண்டாம்.

எனக்குக் கைகொடுத்தவை மிகச் சாதாரணமானவை. வீட்டுக்குப் பேசுவதற்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டேன். மற்ற நேரத்தில் போனை எடுத்து வைத்துவிட்டு வெளியே நடந்தேன். தினமும் ஒரே வழியில், ஒரே நேரத்தில். சில நாளில் எதிரே வருகிறவர்கள் தலையசைத்தார்கள், பிறகு நின்று பேசினார்கள். தூக்கத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை. நேர மண்டலம் மாறினால் உடல் சரியாவதற்கு மண்டலத்துக்கு ஒரு நாள் வரை ஆகலாம். அந்த நாட்களில் வரும் மனச்சோர்வில் பாதி, தூக்கமில்லாத களைப்புதான் என்று நினைக்கிறேன்.

எந்த அமைப்பு வழியாகப் போவது என்று பலர் கேட்கிறார்கள். ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம் 1970-இல் தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். முழுநேரமாகக் களத்துக்குப் போகிறவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கான படி தருகிறார்கள். தன்னார்வலரிடமே கட்டணம் வாங்கும் அமைப்புகளும் உண்டு. வாங்குவதைத் தப்பு சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போய்ச் சேருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். அனாதை விடுதிகளில் சில வாரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் திட்டங்களை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். ஒட்டிக்கொள்ளும் குழந்தையை வரிசையாக ஒவ்வொருவரும் விட்டுவிட்டுப் போவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் கெடுதல்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அமைப்பிடம் இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். அங்கே எனக்கு மேல் இருந்து வேலை சொல்லப்போவது உள்ளூர்க்காரரா? உடம்பு முடியாமல் போனால் மருத்துவச் செலவும், ஊர் திரும்பும் செலவும் காப்பீட்டில் வருமா? இந்த வேலையை எனக்கு முன் யார் செய்தார், நான் போன பிறகு யார் செய்வார்? கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்லி பதில் தரும் அமைப்போடு போங்கள்.