மூடுபயிரைத் தீவனமாக்கிய பருவம்

செப்டம்பர் 24

மக்காச்சோளம் அறுத்த வயலில் இன்று ரை (rye) என்னும் குளிர்காலத் தானியப்பயிரை மூடுபயிராக விதைத்தோம். வெற்று நிலம் மழையில் அரிபடாமல் இருக்கவும், சாணக்கரைசலிலிருந்து மண்ணில் மீந்த தழைச்சத்தைப் பிடித்துவைக்கவுமே இதுவரை மூடுபயிர் போட்டுவந்தோம். இம்முறை கறவை மாடுகளுக்கும் அறுக்கப்போகிறோம். அதனால், மக்காச்சோளத்துக்குத் தெளித்த களைக்கொல்லிகளின் லேபிள்களை முதலில் படித்தேன். மண்ணை மூடுவதற்கென்று மட்டும் வளர்க்கும் பயிருக்குப் பொருந்தாத தடை, அதையே மாடு தின்னும்போது பொருந்திவிடுகிறது.

ஏப்ரல் 20

பயிர் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மேய விட ஆசையாக இருந்தாலும், நிலம் சொதசொதவென்று இருக்கும்போது மாடுகளை இறக்கினால் குளம்படியில் மண் இறுகி, மூடுபயிரால் கிடைத்த பொலபொலப்பு போய்விடும் என்பதால் விடவில்லை.

மே 3

தொண்டைக்கதிர்ப் பருவம், இலையுறைக்குள் கதிர் புடைத்துத் தெரிகிறது. இன்னும் ஒரு வாரம் விட்டால் தீவனத்தின் அளவு கூடும், ஆனால் புரதம் குறைந்து, நார் முற்றிச் செரிமானமும் குன்றும். பால் கறக்கும் பசுவுக்கு அளவைவிடத் தரமே முக்கியம் என்று கருதுவதால், தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் தாள் விட்டு இன்றே அறுத்துவிட்டோம்.

மே 4

இந்தப் பருவத்து ரையில் நீர் மிகுதி. அப்படியே ஊறுதீவனக் குழியில் (சைலேஜ்) இட்டால் நொதித்தல் கெட்டு நாற்றமெடுக்கும். ஈரப்பதம் ஏறத்தாழ 65 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை பரப்பி வாடவிட்டு, மாலையில் நறுக்கி, காற்றுப் புகாதபடி மிதித்து மூடினோம்.

மே 12

அறுத்த வயலில் தாளும் வேரும்தான் மிச்சம். அவை மண்ணைக் கட்டிப்பிடித்தாலும், முழுப்பயிரும் மடிந்து மக்குவதற்கு ஈடாகாது. ஆகவே சரிவான வயலை மட்டும் அறுக்காமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. ரை ஈரத்தை நிறைய உறிஞ்சியிருந்ததால், மக்காச்சோளம் விதைக்குமுன் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதாயிற்று.

ஜூன் 10

குழியைத் திறந்தோம், இதமான புளிப்பு மணம். மிகுந்தால் மாட்டுக்கு நஞ்சாகும் நைட்ரேட் ஊறும்போது ஓரளவு குறையும் என்றாலும், சாணக்கரைசல் நிறையப் பாய்ந்த வயல் என்பதால் மாதிரியை ஆய்வுக்கு அனுப்பி, முடிவு வந்தபின்பே தீவனத் தொட்டிக்குக் கொண்டுபோனோம். அத்தகைய வயலில் விளைந்த ரையில் பொட்டாசியமும் மிகுதியாக இருக்கும். கன்று ஈனும் தறுவாயிலுள்ள பசுக்களுக்கு அது பால் காய்ச்சலை (இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து குறைவதால் வரும் நோய்) தூண்டக்கூடும் என்பதால், அவற்றுக்குத் தனியாக உலர்புல்லே வைத்திருக்கிறோம்.